துபாஷியை ஒளித்து வைத்தவர்கள்

“எனக்குத்தான் சரியாப் போடத் தெரியலைங்க, சார்.”

சென்ற மாதம் தருமபுரியில், நாலு ரோட்டுக்குச் சமீபத்தில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடையில், ஒரு கல்லூரி மாணவன் சொன்ன வார்த்தை இது. என் லேப்டாப்பில் உதிர்ந்துபோன எழுத்துச் சாவி ஒன்றை மாட்டிக்கொள்வதற்காக நான் அங்கே போய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கதை எழுதுகிறவனுக்கு அயலார் பேச்சில் காதைக் கொடுக்கும் கெட்ட பழக்கம் உண்டு. அந்தப் பையனின் குரல் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பள்ளிக்கூடத்துக் கண்ணாடியை உடைத்துவிட்டு ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கிற பிள்ளையைப் போல நின்றுகொண்டிருந்தான் அவன்.

அவன் செய்த குற்றந்தான் என்ன? கேளுங்கள்.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் அவன் கிராமம். தகப்பனார் தக்காளி பயிரிடுகிறார். பெங்களூரில் ஏதோ ஓர் ஆபீஸில் கழித்துவிட்ட லேப்டாப்பை, பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் 11,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அவனுடைய அக்காள் அதில் ‘டாலி’யை வைத்துக்கொண்டு மண்டிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். அதற்கு விண்டோஸ் வேண்டும். தம்பி படிப்பதோ கணினி அறிவியல்; அவனுக்கு லினக்ஸ் வேண்டும். அதோடு இன்னொரு சங்கடம். அந்த யந்திரத்தில் இருந்தது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவதைப் பொதுவில் நிறுத்திக்கொண்டார்கள். தனியே பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் ஓராண்டுத் தவணை. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால், 2017-க்கு முந்திய செயலிகளை அது பெரும்பாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஆகவே பையன், அக்காள் கணக்குக்கு ஒரு பாதி, தன் படிப்புக்கு ஒரு பாதி என்று வட்டைப் பங்கு பிரித்து, விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸை இரண்டாவது இயங்குதளமாகப் போட்டிருக்கிறான். போட்டது போட்டபடி ஓடிற்று. வைஃபை மட்டும் வரவில்லை. விண்டோஸில் நன்றாக வேலை செய்கிற அதே வைஃபை, லினக்ஸில் ‘அப்படி ஒரு சாதனமே இல்லை’ என்று சாதித்தது.

கடைக்காரர் ஒரு நிமிஷம் பார்த்தார். தீர்ப்புச் சொன்னார்.

“லினக்ஸெல்லாம் இந்த மெஷினுக்கு ஆவாது, தம்பி. எல்லாத்தையும் அழிச்சுட்டு விண்டோஸ் ஒண்ணே போட்டுத் தர்றேன். அறுநூறு ரூவா ஆகும்.”

அது எங்கிருந்து வந்த விண்டோஸ் என்று அவரும் சொல்லவில்லை; யாரும் கேட்கவுமில்லை. அப்போதுதான் அந்தப் பையன், ‘எனக்குத்தான் தெரியவில்லை’ என்று தலையைக் குனிந்துகொண்டான்.

‘நாவல் எழுதுகிறவருக்கு இந்த ரிப்பேர்க் கடை வம்பு எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பையனின் தலை ஏன் குனிந்தது என்பதுதான் எனக்கு விஷயம். குற்றவாளி எங்கேயோ குளிர்ச்சாதன அறையில் சௌக்கியமாக உட்கார்ந்திருக்க, நிரபராதி ஒருவன் தருமபுரிக் கடைத்தெருவில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான் என்றால், அதைவிட எழுத்தாளன் எழுதத்தக்க விஷயம் வேறு எது இருக்கிறது?

இந்த ‘டிரைவர்’ என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. ஒகேனக்கல் பஸ்ஸை ஓட்டுகிற டிரைவரைப் போல இதுவும் எதையோ ஓட்டுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இது துபாஷி வேலை. புதுச்சேரியில் துய்ப்ளே துரைக்கு ஆனந்தரங்கம் பிள்ளை செய்தாரே, அந்த வேலை. இயங்குதளத்துக்கு ஒரு பாஷை. வைஃபை சில்லுக்கு வேறொரு பாஷை. ஒன்று பேசுவது மற்றொன்றுக்குப் புரியாது. நடுவில் இரண்டும் தெரிந்த துபாஷி நின்றால்தான் காரியம் நடக்கும். அந்தச் சின்ன நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். விண்டோஸுக்கு ஒரு துபாஷி, லினக்ஸுக்கு ஒரு துபாஷி என்று தனித்தனியாக வேண்டும்.

தருமபுரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் புழங்குகிற சீமை அது. எருமைக்கு விலை பேசுகிறவன்கூட அரை துபாஷியாகத்தான் இருப்பான். பாஷை தெரியாதவன் வந்தால், தெரிந்தவன் ஒருவன் முன்வந்து எடுத்துச் சொல்வான். ‘நான் அவருக்கு மட்டுந்தான் மொழிபெயர்ப்பேன், உனக்கு மாட்டேன், நீயாகக் கற்றுக்கொள்ளவும் விடமாட்டேன்’ என்று எவனாவது சொன்னால், சந்தையே அவனைச் சிரித்து விரட்டிவிடும்.

சில்லுக் கம்பெனிகளில் பல செய்வது அதைத்தான். விண்டோஸுக்கு டிரைவரைத் தாமே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். லினக்ஸுக்கும் எழுதிக் கொடுங்கள் என்றால், லாபமில்லை என்பார்கள். போகட்டும், அது அவர்கள் இஷ்டம். ‘சில்லுக்கு எந்த உத்தரவை எப்படிக் கொடுக்க வேண்டும் என்ற விவரத்தையாவது வெளியிடுங்கள், நாங்களே எழுதிக்கொள்கிறோம்’ என்று லினக்ஸ்காரர்கள் கேட்டால், அதுவும் ரகசியம் என்கிறார்கள். என் வழக்கு இந்த இரண்டாவது மறுப்பைப் பற்றியது. காசு கொடுத்து வாங்கியவன் நான். பொருள் என் மேஜைமேல் இருக்கிறது. அதோடு பேசுகிற பாஷை மட்டும் எனக்குச் சொந்தமில்லை என்றால், நான் வாங்கியதுதான் என்ன?

இது இன்று நேற்று ஏற்பட்ட வியாதி அல்ல. 1980-ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் அச்சு யந்திரத்தைக் கொடுத்தது. அங்கே ரிச்சர்டு ஸ்டால்மன் என்று ஒரு நிரலாளர். முன்பிருந்த அச்சு யந்திரத்தில் காகிதம் சிக்கிக்கொண்டால், காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி அவர் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புது யந்திரத்திலும் அப்படியே செய்யப் பார்த்தால், அதன் மூலநிரல் கையில் இல்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவரிடம் போய்க் கேட்டார். ‘தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டார் அவர். அந்த மறுப்பு ஸ்டால்மனின் மனத்தில் தைத்துவிட்டது. 1983-இல் யாரும் படிக்கவும் திருத்தவும் கூடிய இயங்குதளம் ஒன்றை எழுதப் போவதாக அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கரு அதோடு வந்து சேர்ந்தது. அச்சு யந்திரத்தில் சிக்கிய காகிதத்திலிருந்து ஓர் இயக்கமே பிறந்தது என்றால் மிகையில்லை. அதாவது, இந்தக் கதையின் முதல் அத்தியாயமே டிரைவர் தகராறுதான்.

இனி, எதிர்க் கட்சிக்காரர்களின் வாதங்களைப் பார்ப்போம்.

‘லினக்ஸின் குறைக்குக் கம்பெனியைத் திட்டுவானேன்? விண்டோஸில் எல்லாம் வேலை செய்கிறதே!’ என்பது முதல் வாதம். வாஸ்தவம், வேலை செய்கிறது; அதற்கான துபாஷிகளைக் கம்பெனிக்காரன் முன்கூட்டியே உள்ளே உட்கார வைத்து அனுப்புவதால். அந்த விண்டோஸையே துடைத்துவிட்டு, வெறும் பென் டிரைவிலிருந்து மறுபடி போட்டுப் பாருங்கள். சில வருஷங்களாக வருகிற பல இன்டெல் லேப்டாப்புகளில், விண்டோஸின் நிறுவல் திரை வட்டு ஒன்றும் இல்லை என்று கையை விரித்துவிடும். வட்டைக் கட்டுப்படுத்தும் பாகத்துக்கு உரிய டிரைவரை வேறொரு கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டு வந்து ஊட்டினால்தான் வட்டு கண்ணுக்குத் தெரியும். அங்கேயும் துபாஷி வராவிட்டால் கச்சேரி நடக்காது. ஒரு வித்தியாசந்தான்: அந்த துபாஷி கம்பெனியின் வலைத்தளத்தில் கிடைப்பான், லினக்ஸுக்கு உரியவனைத் தேடித் தெருத்தெருவாக அலைய வேண்டும்.

‘தொழில் ரகசியம் வெளியாகிவிட்டால் போட்டியாளன் விழுங்கிவிடுவான்’ என்பது இரண்டாவது வாதம். இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் தங்கள் திரைச் சில்லுகளுக்குத் திறந்த மூல டிரைவர்களைப் பல வருஷங்களாகக் கொடுத்துவருகின்றன. அவற்றை யார் விழுங்கினார்கள்? என்விடியா கம்பெனி நெடுங்காலம் பிடிவாதமாக மறுத்தது. 2012-இல் ஃபின்லாந்தில் ஒரு மேடையில் டோர்வால்ட்ஸ் அந்தக் கம்பெனியைப் பார்த்துக் கையால் காட்டிய சைகையையும் சொன்ன சொல்லையும் குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாது. அதே கம்பெனி, 2022 மே மாதத்தில், கருவோடு பேசும் டிரைவர் பகுதியின் மூலநிரலைத் தானே வெளியிட்டது. வானம் இடிந்து விழவில்லை; அதன் வியாபாரம் அதற்குப் பிறகு எங்கே போயிற்று என்று பங்குச் சந்தைப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

‘வைஃபை என்பது ரேடியோ, திறந்துவிட்டால் எவனாவது அலைவரிசைச் சட்டத்தை மீறுவான்’ என்பது மூன்றாவது வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிராஸ் என்ற வைஃபை சில்லுக் கம்பெனி 2008-இலேயே தன் டிரைவரைத் திறந்த மூலமாகக் கொடுத்துவிட்டது. லினக்ஸ் கருவிலேயே அது சேர்ந்துகொண்டது. அதனால் உலகத்து ரேடியோக்களெல்லாம் குழம்பிப் போய்விட்டனவா? ஒருவன் செய்து காட்டிய பிறகு, இன்னொருவன் முடியாது என்று சொன்னால், அதற்கு மனமில்லை என்று பெயர்.

வாதங்கள் இவ்வளவுதான். இவற்றின் விலையைக் கொடுப்பது யார் என்பதையும் பார்க்க வேண்டாமா?

கடைக்குப் பக்கத்து டீக்கடையில் அந்தப் பையனை உட்கார வைத்து, “நீயே கண்டுபிடியேன், தம்பி. நான் போனைப் பிடித்துக்கொள்கிறேன்” என்றேன். என்னால் முடிந்த உதவி அவ்வளவுதான். யூ.எஸ்.பி. கம்பியால் என் போனை லேப்டாப்போடு இணைத்தான்; வைஃபை இல்லாமலே இணையம் கிடைத்தது. கறுப்புத் திரையைத் திறந்து ‘எல்எஸ்பிசிஐ’ என்று ஒரு கட்டளை அடித்தான். உள்ளே இருக்கிற சாதனங்களெல்லாம் பேரும் எண்ணுமாக வரிசையில் வந்து நின்றன. ‘அப்படி ஒன்று இல்லவே இல்லை’ என்று சாதித்த வைஃபை சில்லும் அதில் இருந்தது! லினக்ஸுக்கு ஆள் தெரிகிறது, பேசத்தான் தெரியவில்லை. அந்த எண்ணை வைத்துத் தேடியதில், சில்லுக் கம்பெனி மூடிய நிரலாக ஒரு டிரைவரைக் கொடுத்திருப்பது தெரிந்தது. அதை இறக்கிப் போட்டான். மறுபடி தொடங்கினான். வைஃபை வரவில்லை.

பையனின் முகம் மீண்டும் தொங்கிப் போயிற்று. “பாத்தீங்களா சார், நான் போட்டா வராது” என்றான்.

காரணம் வேறு. 2012-இல் விண்டோஸ் 8-ஓடு கணினிகளில் ‘செக்யூர் பூட்’ என்றொரு காவற்காரன் பரவினான். முத்திரை இல்லாத எந்த டிரைவரையும் அவன் உள்ளே விடமாட்டான். நாம் சேர்க்கிற டிரைவருக்கு நாமே ஒரு முத்திரை கொடுத்து, கணினி திரும்பத் தொடங்கும்போது வருகிற நீலத் திரையில் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் திரை 10 விநாடிதான் காத்திருக்கும். பையன் டீயைக் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அது வந்து போய்விட்டது. மறுபடியும் முத்திரையைப் பதிவு செய்து, கண்கொட்டாமல் பார்த்திருந்து, சாவியைத் தட்டி, கடவுச் சொல்லைக் கொடுத்தான். வைஃபை வந்தது.

டீக்கடையில் மொத்தம் மூன்று மணி நேரம். 19 வயதுப் பையன் ஒருவன், யாரும் சொல்லிக் கொடுக்காமல், இருட்டில் துழாவித் துழாவிக் கதவைக் கண்டுபிடித்தான். நான் பிரமித்துப் போய் உட்கார்ந்திருந்தேன். இவனைத்தான் ‘தெரியாதவன்’ என்று உலகம் சொல்லிற்று, அவனும் நம்பினான். கடைக்காரரையும் நான் குறை சொல்லமாட்டேன். மேஜைமேல் பத்து லேப்டாப் திறந்து கிடக்கின்றன. ஒன்றுக்கு மூன்று மணி நேரம் செலவழித்தால் அவர் வீட்டில் உலை கொதிக்குமா? அழித்துவிடுவது அவருக்கு லாபம். கண்டுபிடிப்பது நஷ்டம். இந்தக் கணக்கை ஏற்படுத்தி வைத்தவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள்.

இதில் இன்னொரு சோகம் உண்டு. பையன் இப்போது போட்டிருப்பது இரவல் துபாஷி. மூடிய நிரல் ஆகையால், நாளை லினக்ஸின் கரு புதிய பதிப்புக்கு மாறும்போது அவன் திரும்பவும் ஊமையாகிவிடக் கூடும். அப்போது கம்பெனிக்காரன், ‘அது பழைய சில்லு, நாங்கள் கைவிட்டுவிட்டோம்’ என்பான். கருவிலேயே சேர்ந்துவிட்ட திறந்த டிரைவருக்கு இந்தக் கதி எளிதில் நேராது. கருவைத் திருத்துகிறவர்களே அதையும் கூடவே திருத்திக்கொண்டு வருவார்கள். டெபியன் என்ற லினக்ஸ் குழுவினர் மூடிய நிரல்களைத் தங்கள் அதிகாரபூர்வ நிறுவல் தட்டில் சேர்ப்பதில்லை என்று நெடுநாள் கொள்கை வைத்திருந்தார்கள். சில்லுகள் கண் விழிக்கவே கம்பெனியின் மூடிய நிரல் வேண்டும் என்ற நிலை முற்றிப் போய், 2022-இல் வாக்கெடுத்து, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அவற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். கொள்கைக்காரர்களையே வளைத்துவிட்டது இந்த மௌனம்.

சரி, பரிகாரம் உண்டா? உண்டு. மொத்தமாக வாங்குகிறவன் கேட்டால் கடைக்காரன் கொடுப்பான். இது சந்தை தர்மம்.

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அதில் விண்டோஸோடு, சி-டாக் ஸ்தாபனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இரண்டாவது இயங்குதளமாக வைக்கப்பட்டது. ஏழை வீட்டுப் பிள்ளைகளின் கையில் இரண்டு கதவுள்ள யந்திரம்! இரண்டும் வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்டார்கள், விற்கிறவர்கள் கொடுத்தார்கள். நம் வீடுகளில் என்ன நடந்தது? ‘அது என்னமோ இன்னொண்ணு இருக்கு, இடத்தை அடைக்குது’ என்று எத்தனை பேர் அந்தக் கதவைச் சுவரெழுப்பி மூடினோம்! பிள்ளைகள் திறந்து பார்க்குமுன் பெரியவர்கள் அழித்தோம். இந்த வழக்கில் நாமும் பிரதிவாதிகள்தாம்.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2001-இல் தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டம், பிறகு ‘கைட்’ என்ற அரசு ஸ்தாபனமாகி, பள்ளிக்கூடங்களில் லினக்ஸையே புழங்க வைத்திருக்கிறது. லினக்ஸில் ஊமையாக நிற்கிற சாதனத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே ஒரு வியாபாரி வர முடியுமா? வந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

ஆகவே நான் கேட்பது ஒன்றே. பொதுப் பணத்தில் கணினி வாங்கும்போதெல்லாம், ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: ‘இதில் உள்ள ஒவ்வொரு சாதனத்தின் டிரைவரும் திறந்த மூலமாக இருக்க வேண்டும்; லினக்ஸ் கருவில் சேர்ந்திருக்க வேண்டும்.’ அன்றைக்கு ஓடினால் போதாது. பத்து வருஷம் கழித்துப் பழைய சாமான் கடையிலிருந்து அதை வாங்குகிற பிள்ளைக்கும் ஓட வேண்டும். லட்சக்கணக்கில் வாங்குகிறவர்கள் எழுதுகிற அந்த ஒரு வரிக்கு, உலகத்துச் சில்லுக் கம்பெனிகள் எழுந்து நின்று பதில் சொல்லும். தனி மனிதன் எழுதுகிற ஆயிரம் கடிதத்துக்கு அந்த மரியாதை கிடைக்காது.

கடையில் போய் 50,000 ரூபாயை எண்ணிக் கொடுக்கிற நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நிறத்தையும் எடையையும் கேட்கிற நீங்கள், ‘இதில் உள்ள வைஃபை சில்லு எது? லினக்ஸில் வேலை செய்யுமா?’ என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் லினக்ஸ் போடப் போவதில்லையா? பரவாயில்லை, உங்களுக்குப் பிறகு அந்த யந்திரம் யார் கைக்குப் போகப் போகிறதோ, அவருக்காகக் கேளுங்கள். முடிந்தால், லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைக் கொண்டு போய், வட்டைத் தொடாமலே அதிலிருந்து ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் வைஃபையும் ஒலியும் திரையும் பேசுமா, பேசாதா என்று தெரிந்துவிடும். வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்க்காமல் வாங்காத நாம், இதை மட்டும் ஏன் பார்க்காமல் வாங்க வேண்டும்?

அந்தப் பையன் புறப்படும்போது லேப்டாப்பைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டான். பாலக்கோட்டு பஸ் நின்றுகொண்டிருந்தது. “ரொம்ப நன்றிங்க சார். உங்களுக்குச் சிரமம் கொடுத்துட்டேன்” என்றான்.

“தம்பி, இதே மாதிரி லேப்டாப்போடு உன் வகுப்பில் வேறு யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டேன்.

“ரெண்டு பேர் இருக்காங்க சார். ஒருத்தன் போன வாரமே அழிச்சுட்டான். இன்னொருத்தன் என்னைத்தான் கேட்டுட்டிருக்கான்.”

“அவனுக்கு நீ சொல்லிக் கொடுப்பாயா?”

பையன் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான்.

“அதுக்குத்தானே சார் அந்த நம்பரை நோட்டுல எழுதி வச்சிருக்கேன்!”

பையன் மூன்று மணி நேரத்தில் கற்றதை மறுநாளே நண்பனுக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறான். கோடிக்கணக்கில் சம்பாதித்த கம்பெனிகளுக்குத்தான் அந்த மனம் வரவில்லை.